டையைத் திருகாதீர்கள், முதலில் கேஸைப் பாருங்கள்

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை, அதாவது கேஸை, நெருக்கி மறுபடி அளவுக்குக் கொண்டுவருகிற (சைஸ் செய்கிற) அச்சுதான் டை. அது பிரஸ்ஸில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. அதை நகராமல் பூட்டும் லாக் ரிங்கை முடுக்கியாயிற்று, அதன்பிறகு யாரும் அதைத் தொடவில்லை. முதல் கேஸை சைஸ் செய்து அளந்தால் 1.628 அங்குலம் காட்டுகிறது. அடுத்தது 1.630. அதற்கடுத்தது 1.627. இன்னொன்று 1.631. ரைஃபிள் தோட்டாவை ரீலோட் செய்கிற, அதாவது சுட்ட கேஸை மறுபடி நிரப்பித் தோட்டாவாக்குகிற, எல்லோரும் என்றாவது ஒருநாள் இப்படி எண்கள் ஆடுவதைப் பார்த்தே தீர்வார்கள். பார்த்ததும் கை தானாக டை பக்கம் போகும், ஒரு பொட்டு கீழே இறக்கலாமா, இல்லை மேலே ஏற்றலாமா என்று. அங்கேதான் எல்லாம் கெடத் தொடங்குகிறது.

டை கடினமாக்கிய எஃகுத் துண்டு, அது கேஸுக்குக் கேஸ் தன் அளவை மாற்றிக்கொள்ளாது. மாறுவதெல்லாம் அதற்குள் போகிற பித்தளை, பித்தளைமேல் பூசிய லூப் (வழுக்கலுக்கான மசகு), கைப்பிடியை நாம் இழுக்கிற விதம். இந்த மூன்றையும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டால் டை தன் வேலையைத் தானே ஒழுங்காகச் செய்யும். இவற்றில் ஒன்று ஆடினால்கூட டையை எத்தனை முறை திருகினாலும் எண்கள் ஒன்றுசேராது, போன கேஸுக்குச் சரியாக வைத்த இடம் இந்தக் கேஸுக்குத் தவறாகப் போய்க்கொண்டே இருக்கும். என் மேசையில் நான் பார்த்ததும் மற்றவர்களுக்கு உதவப் போன இடங்களில் பார்த்ததும் இதுதான்.

இனி அளவுகளைத் தவ் கணக்கில் சொல்கிறேன். 1 தவ் என்றால் 0.001 அங்குலம், மில்லிமீட்டரில் 0.0254. மேலே உள்ள நாலு கேஸ்களுக்குள் வித்தியாசம் 4 தவ், அதாவது 0.1 மில்லிமீட்டர். இதுக்கா இவ்வளவு என்று தோன்றும். ஆனால் 308 வின்செஸ்டர் என்கிற தோட்டா வகைக்கான ஹெட்ஸ்பேஸ் கேஜ்களை (சேம்பரின் ஆழத்தைச் சோதிக்கும் துண்டுகளை) எடுத்துப் பாருங்கள், ‘கோ’ கேஜ் 1.630 அங்குலம், ‘நோ-கோ’ கேஜ் 1.634. ஒரு புது சேம்பர், அதாவது துப்பாக்கிக் குழாயில் தோட்டா உட்காரும் அறை, சரியாக வெட்டப்பட்டிருக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிற இடைவெளியே மொத்தம் 4 தவ்தான். அந்த முழு இடைவெளியையும் நம் சைசிங் ஆட்டம் தின்றுவிடுகிறது.

அளப்பது எதை என்பதில் குழப்பம் வேண்டாம். கேஸின் மொத்த நீளம் வேறு, அது டிரிம் செய்கிற (கேஸின் வாயை வெட்டிக் குறைக்கிற) விஷயம். இங்கே பேசுவது கேஸின் அடிப்பாகத்திலிருந்து, உடல் குறுகிக் கழுத்தாக மாறும் தோளின் சரிவில் ஒரு குறிப்பிட்ட விட்டம் உள்ள இடம் வரைக்குமான தூரம். 308-க்கு அந்த விட்டம் 0.400 அங்குலம், 223-க்கு 0.330. ரிம் இல்லாத பாட்டில் வடிவக் கேஸ் சேம்பருக்குள் போய் நிற்பது இந்தத் தோளில்தான். சுடும்போது ஃபயரிங் பின் என்கிற ஊசி அடித்து, கேஸ் முன்னால் போய்த் தோளில் முட்டி, அழுத்தம் ஏறியதும் பக்கச்சுவர் சேம்பர் சுவரை இறுகப் பிடித்துக்கொள்ளும், அடிப்பாகம் மட்டும் பின்னால் நகர்ந்து, சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகத்தில் போய் உட்காரும். தோளை அளவுக்கு மீறிப் பின்னுக்குத் தள்ளியிருந்தால் அந்த நகர்வு பெரிதாகும். நீள்கிற பித்தளை எங்கிருந்து வரும்? அடிப்பாகத்தின் கெட்டிப் பகுதி முடிந்து சுவர் மெலியத் தொடங்கும் இடத்திலிருந்துதான். ஒவ்வொரு முறை சுடும்போதும் அந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, ஒருநாள் வளையமாகப் பிளந்து, கேஸ் இரண்டு துண்டாகும். 308-க்கு அனுமதித்த உச்ச அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அவ்வளவு அழுத்தத்தில் உள்ள வாயு போல்ட் பக்கமாக, அதாவது சுடுபவரின் முகத்துக்கு அருகே, வெளியேற வழி தேடும். அதனால்தான் இதை வெறும் துல்லிய விஷயமாக நான் பார்ப்பதில்லை.

அந்த மெலிவை முன்கூட்டியே பிடிக்கலாம். வெளியே, அடியிலிருந்து சற்று மேலே, சுற்றிலும் ஒரு பளபளப்பான கோடு தெரிந்தால் சந்தேகப்படுங்கள். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் செங்குத்தாக வளைத்து, கூர்மையாக்கிக் கேஸுக்குள் விட்டு உள்சுவரை அடியிலிருந்து மேலே தடவி வாருங்கள். நல்ல கேஸில் நுனி வழுக்கிக்கொண்டு வரும். மெலிந்த கேஸில் ஒரு பள்ளத்தில் தட்டி நிற்கும். தட்டினால் அந்தக் கேஸை நசுக்கிப் போட்டுவிடுங்கள், மற்றதோடு கலந்துவிடக் கூடாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. தோளைப் போதுமான அளவு தள்ளாவிட்டால் போல்ட் கனமாக மூடும், சில சமயம் மூடவே மூடாது. போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் அது எரிச்சலோடு போய்விடும். செமி ஆட்டோமேட்டிக்கில் போல்ட் முழுதாகப் பூட்டாமல் நிற்கிற நிலை வரும், அது ஆபத்து. பொதுவாகப் புழங்குகிற அளவு என்னவென்றால், உங்கள் ரைஃபிளிலேயே சுட்ட கேஸின் அளவிலிருந்து போல்ட் ஆக்‌ஷனுக்கு 1 முதல் 2 தவ், செமி ஆட்டோவுக்கு 3 முதல் 4 தவ் பின்னுக்குத் தள்ளுவது. இலக்கே 2 தவ் என்றால் 4 தவ் ஆட்டத்தை வைத்துக்கொண்டு அதை எப்படி அடிப்பது?

சரி, டைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம், இது தெரியாமல் மற்றதெல்லாம் புரியாது. சுட்ட கேஸ் சேம்பரின் அளவுக்கு ஊதியிருக்கும். ஃபுல் லெங்த் டைக்குள், அதாவது கேஸ் முழுவதையும் நெருக்கும் டைக்குள், அது ஏறும்போது முதலில் பிடிபடுவது உடல். உடலைச் சுற்றிலும் நெருக்கினால் பித்தளை எங்காவது போக வேண்டுமே, அது மேல்நோக்கிப் போகும். ஆக டையின் தோள் கேஸின் தோளைத் தொடுவதற்கு முன்னால், கேஸின் தோள் முன்னுக்கு நகர்ந்திருக்கும். சுட்டபோது 1.630 இருந்த கேஸ் பாதி சைஸ் ஆன நிலையில் 1.632 காட்டும். இது பலரைத் திகைக்க வைக்கிறது, சைஸ் செய்தால் சின்னதாகத்தானே வேண்டும், பெரிதாகியிருக்கிறதே என்று. இன்னும் கொஞ்சம் டையை இறக்கினால் தோளும் தோளும் முட்டி, அப்புறம்தான் அளவு குறையத் தொடங்கும். அதனால் டையை வைக்கும் இடம் இந்தத் திரும்பும் புள்ளிக்குப் பக்கத்தில் இருந்தால் ஒரு கேஸ் தள்ளப்படும், இன்னொன்று தள்ளப்படாது. பித்தளையில் இருக்கும் சின்ன வேறுபாடுகூட அங்கே பெரிதாகத் தெரியும்.

டையை விட்டு வெளியே வந்ததும் பித்தளை சற்றுத் திரும்பி விரியும், ஸ்பிரிங் பேக் என்கிறோம். எவ்வளவு விரியும் என்பது அது எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

## முதலில் அளவுகோல்

கேஸைக் குறை சொல்வதற்கு முன் நம் அளவை நம்பலாமா என்று பார்த்துவிட வேண்டும். காலிபரில் மாட்டுகிற, கேஸின் தோளில் போய் உட்காரும் கம்பரேட்டர் துண்டை வைத்து ஒரே கேஸைத் திரும்பத் திரும்ப அளந்து பாருங்கள். எண் ஒரு தவ்வுக்கு மேல் ஆடினால் ஆட்டம் உங்கள் கையில் இருக்கிறது. காலிபரின் தாடையை அழுத்துகிற வேகம், கேஸ் சாய்ந்து உட்காருவது, இரண்டுமே எண்ணை மாற்றும். கேஸை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே தாடையை மூடி, கிடைக்கிற மிகக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்வது என் பழக்கம்.

சுட்ட பிரைமரோடு (கேஸின் அடியில் உள்ள, மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியோடு) அளக்கவே கூடாது. பிரைமர் சற்று வெளியே துருத்தியிருக்கும், அல்லது ஃபயரிங் பின் பட்ட இடத்தைச் சுற்றி ஒரு மேடு எழும்பியிருக்கும், அதுவும் சேர்ந்து அளவில் ஏறும். தனி டிகேப்பிங் டை வைத்துப் பிரைமரை மட்டும் முதலில் எடுத்துவிடுங்கள். அடிப்பாகத்தையும் ஒருமுறை விரலால் தடவுங்கள். சுட்ட கேஸை வெளியே தள்ளும் எஜெக்டர் பட்ட இடத்தில் பித்தளை மெல்லிய செதிலாக எழும்பி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, நகத்தில் மாட்டும். அந்தச் செதில் ஒன்றே போதும் 1 தவ், 2 தவ் பொய் சொல்ல.

இன்னொன்று, கம்பரேட்டர் காட்டுகிற எண் உங்கள் கம்பரேட்டருக்கு மட்டும் சொந்தமானது. அடுத்தவர் எண்ணோடு ஒப்பிட்டுப் பயனில்லை. சுட்ட கேஸுக்கும் சைஸ் செய்த கேஸுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேண்டும். அந்த ‘சுட்ட கேஸ்’ சேம்பரை முழுக்க நிரப்பியதாக இருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். புதுக் கேஸ் ஒரே ஒரு முறை சுட்டதில் பெரும்பாலும் முழுதாக நிரம்பியிருக்காது, அதை அடிப்படையாக வைத்துத் தள்ளினால் தேவைக்கு மேலே தள்ளுவீர்கள். இரண்டு மூன்று முறை சுட்ட பிறகு, போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின்னையும் எஜெக்டரையும் கழற்றிவிட்டு, வெறும் கேஸைப் போட்டு மூடிப் பாருங்கள். போல்ட் கைப்பிடி தன் கனத்தில் இறங்காமல் கடைசியில் லேசாகப் பிடித்தால் கேஸ் நிரம்பிவிட்டது என்று அர்த்தம்.

## லூப்: பாதிப் பிரச்சினை இங்கேதான்

யாராவது என்னிடம் எண் ஆடுகிறது என்று சொன்னால் நான் கேட்கிற முதல் கேள்வி லூப் எப்படிப் போடுகிறீர்கள் என்பதுதான். ஒரு நண்பரோடு நடந்த பேச்சு இது. “அண்ணே, டையை லாக் பண்ணியாச்சு, அப்புறம் எப்படி மாறும்?” என்றார். லூப் எப்படி என்று கேட்டேன். “ஒண்ணுக்குப் போட்டா அடுத்த ரெண்டு, மூணுக்கு வரும், அப்படியே ஓட்டுறேன்” என்றார். விடை அதிலேயே இருந்தது. லூப் போட்ட கேஸ் வழுக்கிக்கொண்டு மேலே போய்த் தோளை டையில் அழுந்த வைக்கிறது. காய்ந்த கேஸ் உராய்ந்து, கைப்பிடியின் விசையில் ஒரு பங்கை உராய்வுக்கே கொடுத்துவிட்டு, பிரஸ்ஸை வளைத்துக்கொண்டு, அத்தனை உயரம் ஏறாமல் நிற்கிறது. கைப்பிடி இரண்டு தடவையும் கடைசிவரை இறங்கியதாகத்தான் நமக்குத் தோன்றும்.

ஸ்பிரே லூப் போடுகிறவர்கள் பெரும்பாலும் லானோலினையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையும் கலந்துதான் வைத்திருப்பார்கள், லானோலின் ஒரு பங்குக்கு ஆல்கஹால் பத்துப் பன்னிரண்டு பங்கு. குலுக்காமல் அடித்தால் ஒரு கைக்கு வெறும் ஆல்கஹாலும் இன்னொரு கைக்கு வெறும் லானோலினும் வரும். அடித்த பிறகு ஆல்கஹால் ஆவியாகும் வரை காத்திருக்க வேண்டும், இது பலர் பொறுமையாகச் செய்யாத வேலை. ஈரமாக உள்ள கேஸை ஏற்றினால் லானோலின் இன்னும் படலமாகப் பிடித்திருக்காது, கேஸ் டைக்குள் சிக்கிக்கொள்ளும் அபாயமும் உண்டு. சிக்கினால் கேஸின் அடி விளிம்பு கிழிந்து வரும், அப்புறம் கேஸின் அடியில் துளை போட்டு மரை வெட்டி போல்ட் போட்டு இழுக்க வேண்டியதுதான். கலவையை ஒரு பெரிய பையில் கேஸ்களோடு அடித்து, உருட்டி, தட்டில் கொட்டிக் காயவிட்டால் பூச்சு ஓரளவு சமமாக இருக்கும்.

மெழுகு லூப் எனக்கு அதைவிடப் பிடிக்கும். இரண்டு விரலில் தொட்டு, கேஸைச் சுழற்றி, உடல்மேல் மெல்லிய படலமாகத் தேய்ப்பது. விரலுக்கு அளவு பழகிவிடும், கூடினாலும் குறைந்தாலும் உடனே தெரியும். தோளில் மட்டும் பூசாமல் இருங்கள். எண்ணெயும் மெழுகும் அழுத்தினால் சுருங்காத பொருள்கள். டையின் தோளுக்கும் கேஸின் தோளுக்கும் நடுவே அது மாட்டிக்கொண்டால் போக இடமில்லாமல் பித்தளையை உள்ளே அமுக்கி, நகத்தால் கிள்ளியதுபோல் ஒரு குழி விழ வைக்கும். பல டைகளில் தோள் பக்கத்தில் காற்றும் லூப்பும் வெளியேற ஒரு சின்னத் துளை இருக்கும், அது அடைந்துபோனாலும் இதே கதைதான்.

அதோடு, ஒரு பெரிய தொகுதியை ஓட்டும்போது டைக்குள் லூப் சேர்ந்துகொண்டே போகும். தொடக்கத்துக் கேஸும் முடிவுக் கேஸும் ஒரே அளவு காட்டவில்லை, எண் ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். டையைக் கழற்றாமலே துணி சுற்றிய குச்சியால் நடுநடுவே துடைத்துவிடுங்கள்.

## பித்தளையின் வயது

கேஸ் செய்கிற பித்தளையில் 70 சதவீதம் தாமிரம், 30 சதவீதம் துத்தநாகம். கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் அந்த இடம் விறைத்துப்போவதுபோல, சுடும்போது விரிந்து, டையில் சுருங்கி, மறுபடி விரிந்து வருகிற பித்தளையும் இறுகும். இறுகியது அதிகமாகத் திரும்பி விரியும். அதனால் ஒரு முறை சுட்ட கேஸையும் ஐந்து முறை சுட்ட கேஸையும் ஒரே டையில் ஒரே அமைப்பில் ஓட்டினால், பழைய கேஸ் நீளமாகவே வெளியே வரும். டை இரண்டையும் ஒரே அளவுக்குத்தான் நெருக்கியது, பழையது மட்டும் வெளியே வந்து திமிறிக்கொண்டது.

ஆகவே கேஸ்களைக் கலக்காதீர்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. ஒரே தயாரிப்பு, முடிந்தால் ஒரே லாட், ஒரே எண்ணிக்கை சுட்டவை, ஒரே ரைஃபிளில் சுட்டவை. ஒரு டப்பாவில் ஒரு தொகுதி, டப்பாமேல் எத்தனாவது சுடல் என்று எழுதியிருக்க வேண்டும். சுடுதளத்தில் பொறுக்கி எடுத்த கேஸ்கள் வேறு கதை. வேறு வேறு சேம்பரில் ஊதியவை, சில இயந்திரத் துப்பாக்கியின் தாராளமான சேம்பரில் ஊதியவையாகவும் இருக்கும். அவற்றை ஒரு தரம் சைஸ் செய்து, உங்கள் ரைஃபிளில் சுட்டு, அதன்பிறகு அளவைப் பற்றிக் கவலைப்படலாம். அதற்கு முன் கிடைக்கிற எண்களுக்குப் பெரிய அர்த்தமில்லை.

தொகுதியைப் பிரித்து வைத்தாலும் சுடச் சுட எல்லாமே இறுகத்தான் செய்யும். அதற்கு மருந்து அனீலிங். கழுத்தையும் தோளையும் மட்டும் சில விநாடி சூடாக்கி அந்த இறுக்கத்தை விடுவிப்பது. இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் கிடையாது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் படைகளின் நடமாட்டம் குறையும்போது தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள், மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் கேஸ்கள் விரிசல் விட்டிருந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாவும், இழுத்து வடித்த பித்தளையில் தங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்த வேலை அது என்று 1921-ல்தான் விளக்கினார்கள். தீர்வாக வந்ததும் கேஸைச் சூடாக்கி இறுக்கத்தை எடுத்துவிடுவதுதான். இன்றும் அம்மோனியா கலந்த பாலிஷ் போட்டுக் கேஸைத் துலக்கக் கூடாது என்பதற்குக் காரணம் அதே.

செய்யும் முறையில் இயந்திரங்கள் பல உண்டு, எரிவாயுச் சுடரில் கேஸ் உருள்வது ஒரு வகை, மின்தூண்டலில் சூடாவது ஒரு வகை. எதுவானாலும் ஒவ்வொரு கேஸுக்கும் சூடு ஒரே நேரம் படவேண்டும். கையில் பிடித்துக் கண் மதிப்பில் செய்தால் ஒன்று அதிகம் இளகி, இன்னொன்று இறுக்கமாகவே இருக்கும், பழைய ஆட்டத்துக்குப் பதில் புது ஆட்டம் வரும். மிக முக்கியமானது அடிப்பாகம். அது கடினமாகவே இருக்க வேண்டும், அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். சூடு கீழே இறங்கி அடிப்பாகம் இளகிவிட்டதோ என்ற சந்தேகம் வந்தால்கூட அந்தக் கேஸைச் சுடக் கூடாது. வெப்பநிலை காட்டும் பூச்சை உடலில் கொஞ்சம் தடவி வைத்து, சூடு எதுவரை இறங்கியது என்று பார்த்துக்கொள்ளலாம். சூடாக்கிய கேஸைத் தண்ணீரில் போடுவது எஃகைப்போல இதை இறுக்காது, சீக்கிரம் ஆறும், அவ்வளவுதான். வரிசையும் கவனம், அனீல் செய்வது சைசிங்குக்கு முன்னால்.

ஒவ்வொரு சுடலுக்கும் அனீல் செய்யலாமா, மூன்று நாலுக்கு ஒருமுறையா என்று கேட்பார்கள். என் அபிப்பிராயம், எத்தனைக்கு ஒருமுறை என்பதைவிட ஒரே தொகுதி முழுவதுக்கும் சேர்த்துச் செய்வதுதான் பெரிது. பாதியைச் செய்து பாதியை விட்டால் செய்யாமல் இருப்பதே மேல்.

## பிரஸ்

எல்லாம் சரி செய்த பிறகும் ஆட்டம் இருந்தால் பிரஸ்ஸைப் பாருங்கள். ஒரு கேஸை டைக்குள் முழுதாக ஏற்றி, கைப்பிடியை அடியில் பிடித்தபடி, கேஸின் அடியைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டரின் மேல்பரப்புக்கும் டையின் அடிக்கும் நடுவே பின்னாலிருந்து ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். கேஸ் இல்லாதபோது இரண்டும் ஒட்டி இருந்திருக்கும். கேஸ் இருக்கும்போது மெல்லிய ஒளிக்கீற்று தெரியும். பிரஸ்ஸின் சட்டமும் இணைப்புகளும் விசையில் அவ்வளவு கொடுத்திருக்கின்றன. இறுகிய கேஸுக்கு அந்தக் கீற்று அகலமாகவும், இளகிய கேஸுக்கு மெல்லியதாகவும் இருக்கும். உங்கள் எண்கள் ஏன் ஆடுகின்றன என்பதை இதைவிட நேராகக் காட்டுகிற வேறு சோதனை எனக்குத் தெரியாது.

இதற்கு நல்ல தீர்வு, டை ஷெல் ஹோல்டரை அழுத்தித் தொட்டு, ராம் (கேஸை மேலே தூக்கும் தண்டு) மேலே போய்ப் பிரஸ் முழுதாகச் சுமை ஏறிய நிலையில் வேலை முடியும்படி வைப்பது. அப்போது கேஸின் இறுக்கத்தால் வரும் வித்தியாசம் அந்தச் சுமையில் அமுங்கிவிடும். ஆனால் சாதாரண ஷெல் ஹோல்டரில் அப்படி வைத்தால் பல ரைஃபிள்களுக்குத் தோள் அளவுக்கு மேல் போய்விடும். அங்கேதான் ரெட்டிங் காம்பெடிஷன் ஷெல் ஹோல்டர்கள் உதவுகின்றன. சாதாரணத்தைவிட 2, 4, 6, 8, 10 தவ் என்று படிப்படியாகக் கேஸைத் தாழ்த்தி வைக்கிற ஐந்து துண்டுகள். டையைத் தொடாமல் ஷெல் ஹோல்டரை மட்டும் மாற்றி, எத்தனை தவ் தள்ள வேண்டுமோ அதற்கு வந்துவிடலாம். டையோடு வரும் குறிப்பில் ஷெல் ஹோல்டரைத் தொட்டபிறகு இன்னும் கால் சுற்று இறக்கு என்று போட்டிருப்பதை அப்படியே செய்து, அளந்தே பார்க்காமல் இருப்பவர்களுக்குத்தான் கேஸ் சீக்கிரம் பிளக்கிறது.

அது இல்லாதவர்கள் டையைத் திருகித்தான் வைக்க வேண்டும், வைக்கலாம். கணக்கு ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். டையின் மரை அங்குலத்துக்கு 14. ஒரு முழுச் சுற்றுக்கு 71 தவ். அப்படியானால் 1 தவ் என்பது சுமார் 5 டிகிரி, லாக் ரிங்கின் விளிம்பில் அது ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. “கொஞ்சம்” என்று நினைத்துத் திருகுகிற திருகல் 5, 6 தவ் தாண்டிப் போயிருக்கும். டையிலும் பிரஸ்ஸிலும் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டு நகர்த்துங்கள். லாக் ரிங்கை இறுக்கும்போது ஒரு கேஸ் உள்ளே இருக்கட்டும், ராம் மேலே இருக்கட்டும், மரையில் உள்ள தளர்வு ஒரு பக்கமாக ஒதுங்கி டை நேராக உட்காரும். ஷெல் ஹோல்டர் உட்காரும் இடத்தில் பிரைமர் கரி சேர்ந்திருக்கும், அதையும் ஒரு பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும்.

கை விஷயமும் இதில் சேர்த்தி. மேலே போனதும் உடனே இறக்காமல் சில விநாடி நிறுத்துங்கள். பித்தளை அந்த வடிவத்தில் சற்று நேரம் இருந்தால் திரும்பி விரிவது குறைகிறது, முக்கியமாக எல்லாக் கேஸிலும் ஒரே அளவுக்கு விரிகிறது. சிலர் இறக்கி, கேஸை அரைச் சுற்றுத் திருப்பி, மறுபடி ஒருமுறை ஏற்றுவார்கள். இரண்டையும் செய்து பார்த்ததில் எனக்கு நிறுத்துவதே போதுமானதாக இருக்கிறது. எதைச் செய்தாலும் எல்லாக் கேஸுக்கும் அதையே செய்யுங்கள், நடுவில் போன் வந்தால் அந்தக் கேஸை முடித்துவிட்டு எடுங்கள்.

## கழுத்து

டையின் நடுத்தண்டில் இருக்கிற எக்ஸ்பாண்டர் உருண்டையை மறந்துவிடக் கூடாது. கேஸ் கீழே இறங்கும்போது அது கழுத்தை உள்ளிருந்து இழுத்துக்கொண்டு வரும். கழுத்தின் உட்புறம் காய்ந்திருந்தால் கீச் என்று ஒரு சத்தம் கேட்கும், அந்த இழுப்பில் அப்போதுதான் தள்ளிய தோள் மறுபடி முன்னுக்கு வந்துவிடும். துருப்பிடிக்காத எஃகு ஊசிகளோடு ஈரமாக உருட்டிச் சுத்தம் செய்த கேஸ்களில் இது இன்னும் மோசம், கழுத்துக்குள் உள்ள கரி முழுதும் போய் வெறும் பித்தளை நிற்பதால். கொஞ்சம் கரி இருந்தால் அதுவே நல்ல லூப். காய்ந்த கிராஃபைட் தூளில் கழுத்தை ஒருமுறை முக்கினாலும் சரி.

நான் உருண்டையைக் கழற்றிவிட்டு, தனி டையில் மாண்ட்ரல் என்கிற உருளைத் தண்டை விட்டுக் கழுத்தை விரிக்கிறேன். அது மேலிருந்து உள்ளே தள்ளுவதால் தோளை முன்னுக்கு இழுக்கிற பேச்சே இல்லை. புஷ்ஷிங் டை (கழுத்தை நெருக்கும் வளையத்தை மட்டும் மாற்றிக்கொள்ளக்கூடிய டை) வைத்திருப்பவர்கள், தோட்டா தயாரான நிலையில் கழுத்தின் வெளிவிட்டம் எவ்வளவோ அதிலிருந்து 2 தவ் குறைவான புஷ்ஷிங்கில் தொடங்கலாம். உங்களிடம் உருண்டைதான் இருக்கிறது என்றால் ஒரு சோதனை செய்யுங்கள், உருண்டையோடு சில கேஸ், உருண்டை இல்லாமல் சில கேஸ் சைஸ் செய்து தோளை மட்டும் அளந்து பாருங்கள். எண்கள் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் அதைத் தொட வேண்டியதில்லை.

டிரிம் செய்வது சைசிங்குக்குப் பிறகு. நெருக்கிய பித்தளை மேலே ஏறி நீளத்தைக் கூட்டியிருக்கும், 308-க்கு உச்சம் 2.015 அங்குலம், 2.005-க்கு வெட்டுவது வழக்கம். லூப்பைத் துடைத்துவிட்டுத்தான் வெடிமருந்து போடும் கட்டத்துக்குப் போக வேண்டும். மருந்தின் அளவெல்லாம் வெளியிட்ட கையேட்டைப் பார்த்துச் செய்கிற வேலை, இந்தப் பதிவில் அதற்குள் நான் போகவில்லை. ரீலோடிங் சட்டமும் இடத்துக்கு இடம் வேறு, அதைப் பார்த்துக்கொண்டுதான் பிரஸ்ஸே வாங்க வேண்டும்.

## புதுத் தொகுதிக்கு டை வைக்கும்போது

பிரைமர் எடுத்த, நன்றாக நிரம்பிய கேஸ்கள் சிலவற்றை அளந்து, அதில் மிக நீளமானதைக் குறித்துக்கொள்கிறேன். டையை வேண்டுமென்றே மேலே வைத்துத் தொடங்குகிறேன், ஷெல் ஹோல்டருக்கும் டைக்கும் நடுவே நன்றாக இடைவெளி இருக்கும்படி. லூப் போட்டு ஒரு கேஸ், அளவு. கோட்டைப் பார்த்துக் கொஞ்சம் இறக்கல், அடுத்த கேஸ், அளவு. முதலில் எண் கூடும், மேலே சொன்ன அந்த முன்னுக்கு நகர்வு. பிறகு குறையத் தொடங்கும். அந்தத் திரும்பும் இடத்தைத் தாண்டி இலக்குக்கு வந்ததும் நிறுத்தி, இன்னும் நாலைந்து கேஸை எதையும் மாற்றாமல் ஓட்டிப் பார்க்கிறேன். ஒரே கேஸைத் திரும்பத் திரும்ப உள்ளே விட்டு டை வைப்பதை நான் செய்வதில்லை, ஒவ்வொரு ஏற்றத்திலும் அது இறுகுகிறது, மறுபடி மறுபடி சுருங்குகிறது, தொகுதியின் மற்றக் கேஸ்கள் அப்படி நடந்துகொள்ளாது. கடைசியாக அந்த ஃபயரிங் பின் கழற்றிய போல்ட்டை வைத்துக் கேஸைப் போட்டு மூடிப் பார்க்கிறேன். எண் சரியாக இருந்தும் போல்ட் பிடித்தால் போல்ட் சொல்வதைத்தான் கேட்பேன்.

இவ்வளவும் செய்தால் எவ்வளவு ஆட்டம் மிஞ்சும்? நல்ல தொகுதியில் முன்பின் அரைத் தவ்வும் வரும், முன்பின் 1 தவ் வந்தால் எனக்குத் திருப்தி. அதற்குக் கீழே துரத்துவது காலிபரின் எல்லையையே துரத்துவது. சாதாரண டிஜிட்டல் காலிபரே 1 தவ் துல்லியத்துக்குத்தான் உறுதி தருகிறது.

ஆனாலும் எல்லாத் தொகுதியிலும் ஒன்றிரண்டு கேஸ் ஒத்துவராமல் நிற்கும், மற்றவை 1.628-ல் இருக்க அது மட்டும் 1.631. அதை மறுபடி டைக்குள் விட்டு அடக்கப் பார்க்காதீர்கள். முதலில் லூப்பைத் துடைத்துவிட்டு அளந்து பாருங்கள், அடியில் செதில் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். அதன்பிறகும் அப்படியே இருந்தால் அடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, பிரஸ்ஸைச் சரிபார்க்க வைத்திருக்கிற, அல்லது குறி சரிசெய்வதற்கு முன் குழாயைச் சூடேற்றச் சுடுகிற கேஸ்களோடு சேர்த்துவிடுங்கள், ஆனால் அது உங்கள் ரைஃபிளில் சுலபமாக மூடினால் மட்டும். அடுத்த முறையும் அதே கோடு போட்ட கேஸ் தனித்து நின்றால் அதன் வேலை முடிந்தது.